ரத்தக்கட்டு: நீலம் பச்சையாகி மஞ்சளாவது எப்படி, நாம் செய்ய வேண்டியது என்ன

அடி பட்டிருக்கும். தோல் கிழிந்திருக்காது, ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே வந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் கருநீலமாகக் கன்றிப்போயிருக்கும். இதைத்தான் ரத்தக்கட்டு என்கிறோம். தோலுக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. தந்துகிகள் என்று பள்ளியில் படித்திருப்போம். தோல் இழுபடும் தன்மை உள்ளது, மேலே விழும் அடியைத் தாங்கிக்கொள்ளும். தந்துகிகளுக்கு அந்தச் சக்தி கிடையாது. அவை உடைந்து, ரத்தம் கசிந்து, சுற்றியுள்ள கொழுப்பிலும் தசையிலும் போய்த் தேங்குகிறது. சில நிமிடங்களில் தட்டணுக்கள் வந்து உடைப்பை அடைத்துவிடும். ஆனால் வெளியே வந்த ரத்தம் வந்ததுதான். திரும்பிக் குழாய்க்குள் போக அதற்கு வழியில்லை. அதை அங்கேயே உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகத்தான் உடம்பு இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது.

எல்லா இடமும் ஒரே மாதிரி கன்றாது. கண்ணைச் சுற்றியுள்ள தோல் உடம்பிலேயே மெல்லியது, அடியில் திசுவும் தளர்வாக இருக்கும். லேசாக இடித்தாலே கண் மூடும் அளவுக்கு வீங்கிவிடும். உள்ளங்கையில் தோல் தடிமன், திசு இறுக்கம். அங்கே ரத்தம் பரவ இடமே இல்லை. ஆளுக்கு ஆளும் வேறுபடும். பெண்களுக்கு ஆண்களைவிடச் சுலபமாகக் கன்றும். தொடையிலும் மேல்கையிலும் எப்போது இடித்தோம் என்றே தெரியாமல் சின்னச் சின்னக் கட்டுகள் வந்து போவது பல பெண்களுக்கு இயல்பானதுதான். வயது ஏற ஏற எல்லோருக்கும் அந்த நிலை வரும்.

நிறம் மாறுவது ஏன்?

ரத்தம் சிவப்பு. அப்புறம் கட்டு ஏன் நீலமாகத் தெரிகிறது? இதில் பாதி, ஒளி செய்யும் வேலை. தேங்கிய ரத்தம் ஆக்ஸிஜனை இழந்து கருஞ்சிவப்பாகிவிடும். அதுவும் தோலின் மேல்பரப்பில் இல்லாமல் கொஞ்சம் ஆழத்தில் கிடக்கிறது. வெளிச்சத்தில் உள்ள சிவப்புக் கதிர் அந்த ஆழம் வரை போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. நீலக்கதிர் அவ்வளவு தூரம் போவதற்குள் தோலிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. நம் கண்ணுக்கு வந்து சேருவது நீலம். புறங்கையில் ஓடும் ரத்தக்குழாய்கள் நீலமாகத் தெரிவதும் இப்படித்தான்.

அடுத்து வரும் பச்சையும் மஞ்சளும் அப்படி இல்லை, அவை நிஜமான நிறமிகள். அடிபட்ட இடத்துக்கு மேக்ரோபேஜ் என்ற விழுங்கணுக்கள் வந்து சேருகின்றன. சிதறிக் கிடக்கும் சிவப்பணுக்களை விழுங்கி, அவற்றுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைப் பிரிக்கின்றன. ஹீமோகுளோபினுக்குச் சிவப்பைத் தரும் பகுதி ஹீம். அதை ஒரு நொதி வெட்டும்போது மூன்று பொருள்கள் வெளியே வருகின்றன: பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி, இரும்பு, கூடவே மிக மிகக் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு. ஆமாம், அதே விஷவாயுதான். நம் உடம்பு தினமும் அதைத் துளித்துளியாக உண்டாக்கி மூச்சுக்காற்றில் விட்டுக்கொண்டேதான் இருக்கிறது; பயப்பட ஒன்றுமில்லை. பச்சை நிறமி நிலைக்காது, சீக்கிரமே பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியாக மாறிவிடும். இரும்பு ஹீமோசிடெரின் என்ற பழுப்புத் துகளாக அங்கேயே தங்கி, மெதுவாகக் கரையும்.

1847இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ, பழைய ரத்தக்கட்டுகளுக்குள் மஞ்சள் கலந்த செந்நிறப் படிகங்களைக் கண்டு, அவை ரத்தத்திலிருந்தே வந்தவை என்று சொன்னார். ஹீமை வெட்டும் அந்த நொதியைப் பிடிக்க இன்னும் 121 வருடம் ஆனது. டென்ஹுனன், மார்வர், ஷ்மிட் என்ற மூவர் 1968இல் அதை விளக்கினார்கள். அதற்கு ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்று பெயர்.

பிலிரூபின் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மஞ்சள் காமாலைக்கு ரத்தப் பரிசோதனை எழுதித் தரும்போது லேப் ரிப்போர்ட்டில் முதலில் பார்ப்பது இதைத்தான். கண்ணை மஞ்சளாக்குவதும், பத்து நாள் ஆன ரத்தக்கட்டின் ஓரத்தை மஞ்சளாக்குவதும் ஒரே பொருள். பிரசவத்தில் தலை அழுந்தி, மண்டையில் ரத்தம் கட்டிப் புடைத்துப் பிறக்கும் குழந்தைகளுக்குக் காமாலை சற்றுக் கூடுதலாக வருவதும் இதனால்தான். அந்தக் கட்டில் உள்ள ரத்தம் உடைந்து வரும் பிலிரூபினை முழுக்க வெளியேற்றும் திறன் பச்சிளம் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது.

பொதுவாக முதல் நாள் சிவப்பு, அடுத்த ஓரிரு நாளில் நீலம் அல்லது ஊதா, ஐந்தாறு நாளில் ஓரத்தில் பச்சை, ஒரு வாரம் பத்து நாளில் மஞ்சளும் பழுப்பும், இரண்டு மூன்று வாரத்தில் சுத்தம் என்று போகும். ஆனால் இது சிவந்த தோலை வைத்து எழுதிய கணக்கு. நம்மில் பலருடைய மாநிறத்திலும் கருப்பிலும் முதல் நாள் சிவப்பு சரியாகத் தெரியாது, பச்சையும் மஞ்சளும் மங்கலாகத்தான் தெரியும். கருஞ்சாம்பலாகவோ அடர்பழுப்பாகவோ ஒரு திட்டு மட்டும் நிற்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் தொட்டுப் பார்ப்பது நல்லது. சூடு, கெட்டித்தன்மை, அழுத்தினால் வலி, இந்த மூன்றும் குறைந்துகொண்டே வந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். நிறத்தை வைத்து ‘இது மூன்று நாள் பழைய அடி’ என்று துல்லியமாகச் சொல்ல மருத்துவர்களாலேயே முடியாது. மஞ்சள் தெரிந்தால் ஏறக்குறைய 18 மணி நேரமாவது ஆகியிருக்கும் என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை.

ரத்தக்கட்டு இடம் மாறுவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். நெற்றியில் இடித்துக்கொண்ட குழந்தைக்கு இரண்டு நாள் கழித்துக் கண்ணைச் சுற்றிக் கறுத்துவிடும். கணுக்கால் பிசகினால் நான்காம் நாள் கால்விரல் வரை நீலம் இறங்கும். புதிதாக ஒன்றும் ஆகவில்லை. தேங்கிய ரத்தம் புவியீர்ப்பில் திசு இடுக்குகள் வழியாகக் கீழே வழிகிறது, அவ்வளவுதான். ஆனால் தலையில் பலமான அடி பட்டு, இரண்டு கண்ணைச் சுற்றியுமோ காதுக்குப் பின்புறமோ கறுத்தால் அது வேறு விஷயம். அது மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல் விட்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியது

உடம்பு தானாகவே ஆற்றிவிடும் என்றால் நமக்கு என்ன வேலை? ஒரே வேலைதான்: முதல் ஒரு நாளில் கசிவைக் குறைப்பது. எவ்வளவு ரத்தம் வெளியே வருகிறதோ அவ்வளவு நாள் கட்டு நிற்கும். அதனால் மூன்றாம் நாள் தடவும் விலை உயர்ந்த களிம்பைவிட முதல் பத்து நிமிடத்தில் வைக்கும் ஐஸ் அதிகம் உதவும்.

குளிர்ச்சி பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், கசிவு குறையும், வலியும் மரத்துப்போகும். ஐஸ் கட்டிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைப் பருத்தித் துண்டில் சுற்றி வையுங்கள். உறைந்த பட்டாணிப் பாக்கெட் இருந்தால் அது இன்னும் வசதி, முழங்கால் முழங்கை வளைவுக்கு ஏற்றபடி படியும். பத்திலிருந்து பதினைந்து நிமிடம் போதும். எடுத்துவிட்டு, ஓரிரு மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைத்து அரை மணி நேரம் அழுத்திப் பிடிப்பது தவறு. குளிரும் தோலைச் சுட்டுவிடும், கொப்புளம்கூட வரும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையா, பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஐஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும் உதவும்.

அடிபட்ட கையையோ காலையோ இதயத்தைவிட உயரத்தில், தலையணை மேல் வைத்துக்கொண்டால் வீக்கம் குறையும். கணுக்கால், முழங்கால் என்றால் கிரேப் பேண்டேஜ் சுற்றலாம். விரல் நுனி மரத்தாலோ வெளுத்தாலோ இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற இந்தச் சூத்திரத்தை 1978இல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். 2015 வாக்கில் அவரே ஒரு திருத்தம் சொன்னார்: வீக்கமும் ஆறுவதன் ஒரு பகுதிதான், நாள் கணக்கில் ஐஸ் வைத்துக்கொண்டே இருந்தால் ஆறுவது தாமதமாகலாம், முழு ஓய்வும் தேவையில்லை. அதனால் வலி குறைய முதல் நாள், மிஞ்சினால் இரண்டாம் நாள் ஐஸ். பிறகு நிறுத்திவிட்டு மெதுவாக நடமாடத் தொடங்கலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம். அது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். ஆஸ்பிரின் பட்ட தட்டணு அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை செயலிழந்தே இருக்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு, முதல் நாள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் இதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை, ஒரு ரத்தக்கட்டைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அதன் விளைவு இதைவிட மோசமாக இருக்கும்.

உருவி விடாதீர்கள்

நம் ஊரில் அடிபட்டவரைப் பார்த்ததும் முதலில் வருவது எண்ணெய்க் கிண்ணம்தான். “ரத்தம் கட்டியிருக்கு, நல்லா உருவி விட்டாக் கலைஞ்சிடும்” என்று யாராவது சொல்வார்கள். கையில் அனுபவமும் மனதில் அக்கறையும் உள்ளவர்கள் சொல்வதால் மறுப்பதும் கஷ்டம். ஆனால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு இது கண்டிப்பாக வேண்டாம். தட்டணுக்கள் இப்போதுதான் உடைப்பை அடைத்திருக்கின்றன. அழுத்தித் தேய்த்தால் அந்த அடைப்பு பிய்ந்து மறுபடி கசியும், கட்டு பெரிதாகும்.

தொடையில் பலமாக அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கபடியிலோ கால்பந்திலோ எதிராளியின் முழங்கால் தொடையில் மோதினால் தசைக்குள் ஆழமாக ரத்தம் தேங்கும். அதை அன்றே உருவி, மடக்கி, நீட்டி எடுத்தால் ஆறும் திசு வழிதவறி, தசைக்குள் எலும்பு வளரத் தொடங்கிவிடலாம். சில வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் தசைக்குள் வெள்ளையாகத் தெரியும். முழங்காலை முழுக்க மடக்க வராது. சரியாகப் பல மாதம் ஆகும். அடி விழுந்த ஒரு வாரம் கழித்தும் தொடை கல் மாதிரி இருந்து, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு நாள் தாண்டி, வீக்கம் நின்ற பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம் நல்லது. சூட்டில் ரத்த ஓட்டம் கூடும், விழுங்கணுக்கள் வேகமாக வேலை செய்யும். உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்துவது, நொச்சி இலையை வதக்கிக் கட்டுவது எல்லாம் அந்தக் கட்டத்தில் சரியானவைதான். ஒரே ஒரு எச்சரிக்கை: பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒத்தடத்தில் வெந்த புண் ஆறாமல் பெரிய பிரச்சினையில் முடிவதை மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கிறார்கள். அவர்கள் காலுக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

மஞ்சள் பற்று, புளிப் பற்று

பற்று போடுவதைப் பற்றிக் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. மஞ்சள் தூளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவது, புளியும் கல்லுப்பும் கொதிக்க வைத்து இளஞ்சூட்டில் தடவுவது, நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் வாங்கி முட்டை வெள்ளைக்கருவில் உரைத்துப் பூசுவது என்று வீட்டுக்கு வீடு ஒரு முறை இருக்கும். மூசாம்பரம் என்பது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கருப்புக் கட்டி. பற்று காயும்போது தோலை இறுக்கிப் பிடிக்கும். லேசாகக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்தை அசைக்காமலும் வைத்துக்கொள்வோம். சுகமாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் தோலைத் தாண்டி ஆழத்தில் உள்ள ரத்தக்கட்டு வரை அது போய்ச் சேருவது மிகக் குறைவு. என் அபிப்பிராயம்: போடலாம், அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

சுண்ணாம்பில் மட்டும் கவனம் தேவை. மஞ்சளோடு சேர்ந்ததும் கலவை ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அதற்குக் காரணம் சுண்ணாம்பின் காரத்தன்மை. அளவு கூடினால் அதே காரம் தோலை அரித்துவிடும். குழந்தையின் தோலுக்கும் முதியவர்களின் மெல்லிய தோலுக்கும், முகத்துக்கும் சுண்ணாம்பு வேண்டாம். சிராய்ப்போ கீறலோ இருக்கும் இடத்தில் எந்தப் பற்றும் கூடாது. பற்பசை தடவுவதும் ஒரு பழக்கமாக இருக்கிறது. அதில் உள்ள புதினாக் குளிர்ச்சி கொஞ்ச நேரம் இருக்கும், வேறு பயன் எதுவும் இல்லை.

களிம்புகளும் பிறகு நிற்கும் கறையும்

மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கலந்த களிம்பு தருவார்கள். ஊசி போட்ட, சலைன் ஏற்றிய இடத்துக் கட்டுகளுக்கு ஆஸ்பத்திரியிலும் தடவுவார்கள். சிலருக்குக் கொஞ்சம் சீக்கிரம் மங்கும். புண்ணில் தடவக் கூடாது. ஆர்னிகா என்ற மூலிகை ஜெல்லுக்கு விளம்பரம் அதிகம், ஆதாரம் கலவையானது. சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன், பலவற்றில் ஒன்றுமில்லை. வைட்டமின் கே கிரீமும் அப்படியே. லேசர், முகத்தில் ஊசி சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் இவற்றை எழுதுவதுண்டு. வாங்குவதும் விடுவதும் உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

கட்டு ஆறிய பிறகும் சிலருக்குப் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முன்பு சொன்ன இரும்புத் துகள் தங்கியதால் வருவது. முழங்காலுக்குக் கீழே, கணுக்கால் பக்கம் அதிகம். இன்னொன்று, அடியில் தோலும் உராய்ந்து அழற்சி வந்ததால் மெலனின் என்ற தோல் நிறமி கூடுவது; நம் நிறத்தவர்களுக்கு இது சகஜம். இரண்டும் மெதுவாகத்தான் போகும். வெயில் பட்டால் இரண்டாவது வகை இன்னும் கறுக்கும். முகம், கை போன்ற இடங்களில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தடவுவதோ, துணியால் மூடிக்கொள்வதோ அங்கே உண்மையிலேயே பலன் தரும். ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதும் எலுமிச்சைச் சாறு தடவுவதும் எரிச்சலை உண்டாக்கிக் கறையைக் கூட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கறை போகவும் நிறம் கூடவும் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கித் தடவும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. டியூபைத் திருப்பி, சின்ன எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். பிறகு விரல் அழுந்தினால்கூடக் கன்றும். பல ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. கடையில் அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

வயதானவர்களின் கையில்

அறுபது எழுபது தாண்டியவர்களின் முன்கையிலும் புறங்கையிலும் ஊதாத் திட்டுகள் வந்துகொண்டே இருக்கும். பல வருட வெயிலில் தோலின் கொலாஜன் குறைந்து, ரத்தக்குழாய்களுக்குத் தாங்கல் இல்லாமல் போவதுதான் காரணம். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் பேட்மன் 1818இலேயே இதை விவரித்திருக்கிறார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். இந்தத் திட்டுகள் வலிக்காது, பச்சை மஞ்சள் என்று நிறம் மாறாமல் அப்படியே மங்கி ஒரு பழுப்புச் சாயலை விட்டுவிட்டுப் போகும். ஆபத்தில்லை. குளித்ததும் ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ தடவிவிடலாம். வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை நல்லது. கட்டில் மூலை, கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒரு துணி சுற்றி வையுங்கள். அவர்களைத் தூக்கி உட்கார வைக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுக்காமல், கையை அடியில் கொடுத்துத் தாங்குங்கள்.

லேபில் ரத்தம் எடுத்த பின் பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொல்வார்கள், நாமும் மடக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவோம். மடக்கினால் ஊசி குத்திய துளையின் மேல் அழுத்தம் சரியாக விழாது. கையை நீட்டி வைத்து, இன்னொரு கையின் விரலால் பஞ்சின் மேல் அசைக்காமல் மூன்று நிமிடம் அழுத்துங்கள்; ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஐந்து நிமிடமாவது. நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அன்று அந்தக் கையால் குடம் தூக்க வேண்டாம்.

அடியே படாமல் வந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் அடிபட்டு வரும் கட்டுக்கு. அடி எதுவும் இல்லாமல் உடம்பில் அங்கங்கே கன்றினால் களிம்பு தேடக் கூடாது, காரணம் தேட வேண்டும். மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது டெங்கு. காய்ச்சலோடு தோலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், பல் ஈறில் ரத்தம், காரணமில்லாத கட்டுகள் வந்தால் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டியவை அவை. ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள். மறையாமல் அப்படியே தெரிந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ஆபத்தான கட்டம் என்பதால், காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஏமாறக் கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்.

தட்டணுக் குறைவு, ரத்தப் புற்று, கல்லீரல் கோளாறு, பிறவியிலேயே ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா என்று வேறு காரணங்களும் உண்டு. ஆண் குழந்தை தவழத் தொடங்கியதும் முட்டி முட்டியாக வீங்கினால் ஹீமோஃபிலியாவுக்குச் சோதிப்பார்கள். வைட்டமின் சி குறைந்தாலும் ஈறு வீங்கி, தோலில் ரத்தம் கசியும். ஜேம்ஸ் லிண்ட் 1747இல் கப்பல் மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணப்படுத்திய ஸ்கர்வி நோய் இதுதான். சாதாரணமாகக் காய்கறி, கொய்யா, நெல்லிக்காய் சாப்பிடுபவர்களுக்கு அது வராது. வைட்டமின் சி மாத்திரை விழுங்கினால் கட்டு சீக்கிரம் ஆறும் என்பதும் இல்லை. வார்ஃபரின் என்ற ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வாரம் அளவு தாறுமாறாக மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குழந்தைகள் ஓடி விளையாடும் வயதில் முழங்கால், கணுக்கால் முன்புறம், நெற்றியில் கன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்னும் தவழாத கைக்குழந்தையின் உடம்பில் ரத்தக்கட்டு தெரிந்தாலோ, காது, கழுத்து, வயிறு போன்ற இடங்களில் இருந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும். அது நோயாகவும் இருக்கலாம், யாரோ அடித்ததாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181. அதே சமயம், பிறக்கும்போதே முதுகின் அடிப்பக்கத்திலும் பிட்டத்திலும் இருக்கும் நீலச் சாம்பல் திட்டைப் பார்த்துப் பிரசவம் பார்த்தவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது மச்சம் போன்ற ஒரு நிறமித் திட்டு. நம் குழந்தைகளில் மிகவும் சகஜம், சில வருடத்தில் தானாக மறையும்.

கதவிடுக்கில் நசுங்கிய விரலில் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி விண்விண்ணென்று தெறித்தால், ஓரிரு நாளுக்குள் டாக்டரிடம் போனால் நகத்தில் சின்னத் துளை போட்டு வடித்துவிடுவார், வலி அப்போதே இறங்கும். வீட்டில் ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்காதீர்கள். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் கறுப்பு முழுக்க வெளியேற ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.

கட்டு நாளுக்கு நாள் பெரிதானாலோ, காலோ கையோ விறைத்து இறுகி, விரல் மரத்து, தாங்க முடியாமல் வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர் தலை அடிபட விழுந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் காட்ட வேண்டும். அடிக்கடி காரணமின்றிக் கன்றுகிறது என்று போகிறவர்களுக்கு டாக்டர் முதலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தையும் பார்ப்பார். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொட்டலப் பொடி எல்லாம் அதில் இருக்கட்டும். பெயர் தெரியாத அந்தப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. “அது சும்மா நாட்டு மருந்துதான்” என்று சொல்லாமல் விட்டுவிட்டால், டாக்டர் காரணத்தை வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார்.